பேஸ் கிடார்: சத்தம் கருவியிலயா, விரல்லயா?

எங்க காலேஜ் மியூசிக் கிளப் அலமாரியில ஒரு பேஸ் கிடார் இருக்கு. கறுப்பு நிறம், நாலு கம்பி. வலது கை உரசுற இடத்துல பெயின்ட் போய் மரம் தெரியும். அதை யார் வாங்கினாங்கன்னு இப்ப இருக்கிற யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னாடி குறைஞ்சது மூணு பேட்ச் அதை வாசிச்சிருக்காங்க. அடுத்து அது என் ஜூனியர் கைக்குப் போகணும். அவன் செகண்ட் இயர்.

போன மாசம் அவன் என்கிட்ட வந்து, "அண்ணா, கிளப் ஃபண்ட்ல முப்பதாயிரம் இருக்கு. புது பேஸ் வாங்கலாம்ணா. இது டப்பா, இதுல என்ன வாசிச்சாலும் தம்பட்டம் மாதிரியே கேக்குது"ன்னு சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே வார்த்தையை நான் என் சீனியர்கிட்ட சொன்னேன். அவர் வேண்டாம்னு சொன்னார். நான் கேக்கல. அப்பாகிட்ட ரூ.28,000 வாங்கி ஐந்து கம்பி பேஸ் ஒண்ணு வாங்கினேன். அதோட கதையைக் கடைசியில சொல்றேன்.

ரெண்டு பேஸிஸ்ட் ஒரு டீக்கடையில உட்கார்ந்தா மூணு மணி நேரம் இதைத்தான் பேசுவாங்க. எந்த மாடல், எந்த கம்பி, எந்த மரம், விரலா பிக்கா. ஒருத்தர் "டோன் விரல்ல இருக்கு" என்பார். இன்னொருத்தர் "அப்போ நீ பத்தாயிரம் ரூபா பேஸ்லயே ரெக்கார்ட் பண்ணு" என்பார். இந்தச் சண்டைக்கு நாம முதல் வருஷம் படிச்ச ஃபிசிக்ஸ் ஓரளவு பதில் சொல்லும். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். பேஸ் வாசிக்காதவங்களும் படிக்கலாம். அடுத்த முறை பாட்டு கேக்கும்போது கீழே ஒரு ஆள் வேலை செய்துகிட்டு இருப்பது தெரிய வரும்.

யாரும் ஆசைப்பட்டு எடுக்காத கருவி

முதல்ல ஒரு உண்மை. பேஸ் வாசிக்கணும்னு கனவு கண்டு வந்தவங்க ரொம்பக் குறைவு. எங்க பேண்ட்ல மூணு பேர் கிடார் வாசிப்போம். அதுல மோசமா வாசிச்சவன் நான். அதனால பேஸ் என் கைக்கு வந்தது.

இது நம்ம காலேஜ் கதை மட்டுமில்லை. பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப். 1961ல் அவர் குழுவை விட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலேயே தங்கிவிட, யாராவது பேஸ் எடுத்தாகணும் என்ற நிலை. அதுவரை கிடாரும் பியானோவும் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி எடுத்தார். அவர் ஹாம்பர்க்கிலேயே ஏறக்குறைய 30 பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் வாங்கினார். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே வடிவம். அவர் இடது கைக்காரர். அதைத் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது அதை எடுத்ததற்கு ஒரு காரணம்.

அமெரிக்காவில் கேரல் கே என்ற பெண்மணி, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். 1963ல் ஒருநாள் ரெக்கார்டிங்குக்கு வரவேண்டிய பேஸிஸ்ட் வரவில்லை. இவரை வாசிக்கச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் வாசித்த பேஸ் பதிவுகள் ஆயிரக்கணக்கில். கிடார்காரர் என்பதால் கடைசி வரை பிக் வைத்தே வாசித்தார்.

லேரி கிரஹாம் கதை இன்னும் சுவாரசியம். அம்மா பியானோ, இவர் கிடார், ஒரு டிரம்மர் என்று சின்னக் குழு. இவர் காலால் ஆர்கனின் பேஸ் பெடல்களையும் மிதிப்பார். ஆர்கன் ரிப்பேர் ஆனதும், சமாளிக்க ஒரு பேஸை வாடகைக்கு எடுத்தார். அப்புறம் டிரம்மரும் இல்லாமல் போனார். டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்க்க, கட்டைவிரலால் கம்பியை அடித்து பேஸ் டிரம் மாதிரியும், மற்ற விரலால் சுண்டி இழுத்து ஸ்நேர் மாதிரியும் வாசிக்க ஆரம்பித்தார். இன்றைக்கு யூடியூபில் எல்லோரும் காட்டுகிற 'ஸ்லாப்' அப்படி வந்ததுதான்.

மூணு பேர் கதையிலும் ஒரு ஒற்றுமை இருக்கு. கையில கிடைச்ச கருவியை வச்சு சமாளிச்சாங்க. அந்தச் சமாளிப்புதான் பின்னாடி அவங்க ஸ்டைல் ஆச்சு.

41 ஹெர்ட்ஸ்னா என்ன?

பேஸ் கிடாரின் நாலு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. மிகத் தடித்த ஈ கம்பியின் ஃப்ரீக்வென்சி 41.2 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, பிறகு 73.4, கடைசி 98. சாதாரண கிடாரின் தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே.

கம்பியின் ஃப்ரீக்வென்சி மூன்று விஷயத்தைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கு எவ்வளவு எடை. மற்ற ரெண்டையும் மாத்தாம ஒரு ஆக்டேவ் இறங்கணும்னா நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கணும். சாதாரண எலெக்ட்ரிக் கிடாரில் கம்பி 25.5 அங்குலம்னா, பேஸ்ல 51 அங்குலம் வேணும். கை எட்டாது. அதனால் ஒரு சமரசம் செய்தார்கள்: நீளம் 34 அங்குலம், மிச்சத்துக்குக் கம்பியைத் தடிமனாக்கு. பரவலாகக் கிடைக்கும் ஒரு செட்டில் மெல்லிய கம்பி 0.045 அங்குலம், தடித்தது 0.105 அங்குலம். கிடாரில் உள்ள மிகத் தடித்த கம்பி ஏறக்குறைய 0.046. அங்கே கிடார் முடிகிற இடத்தில்தான் பேஸ் ஆரம்பிக்கிறது.

இந்த 34 அங்குலத்தைப் பரவலாக்கியது லியோ ஃபெண்டர் 1951ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். 1930களிலேயே சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் எலெக்ட்ரிக் பேஸ் செய்திருந்தார், ஆனால் அது பரவவில்லை. அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது, காதை வைத்து சுருதி பிடிக்கணும். ஃபெண்டர் ஃப்ரெட் வைத்தார். விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி துல்லியமாக வரும். 'பிரிசிஷன்' என்ற பேரே அதுக்குத்தான்.

சரி, 41 ஹெர்ட்ஸை உங்க ஃபோன் ஸ்பீக்கர் வாசிக்குமா? வாசிக்காது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் ஃபோனில் பாட்டு கேக்கும்போது பேஸ் மெட்டு ஓரளவு புரியும். எப்படி?

ஈ கம்பியை மீட்டினால் 41 மட்டும் வராது. 82, 124, 165 என்று மடங்குகளும் சேர்ந்து வரும். இவைதான் ஹார்மோனிக்ஸ். ஸ்பீக்கர் 41ஐ விட்டுவிட்டாலும் மேலே உள்ள மடங்குகளைக் கேட்டு, "இதெல்லாம் 41ன் பிள்ளைகள்" என்று மூளை கணக்குப் போட்டு, இல்லாத அடிப்படைச் சுரத்தைக் கேட்டதாக உணர வைக்கிறது. அதனால பேஸ் டோன் பற்றிய சண்டை எல்லாமே கடைசியில் ஹார்மோனிக்ஸ் பற்றிய சண்டைதான். அடிப்படைச் சுரம் எல்லா பேஸிலும் ஒண்ணுதான். மேலே எந்த மடங்கு எவ்வளவு இருக்கு என்பதில்தான் ஒவ்வொரு பேஸும் வேறுபடும்.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க, மீதி எல்லாம் இதிலிருந்து வரும்.

பிக்கப்: ஃபாரடே விதி, நேரில்

பேஸின் பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்போ நிக்கலோ கலந்த கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறும், சுருளில் வோல்டேஜ் உண்டாகும். நைலான் கம்பி போட்டால் இந்த வகை பிக்கப்பில் சத்தமே வராது.

சுருள் என்றால் ஆன்டெனாவும்தான். சுற்றியுள்ள கரண்ட் வயர், டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் எல்லாவற்றிலிருந்தும் நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸை அது பிடிக்கும். அதுதான் மேடையில் வரும் "ம்ம்ம்" சத்தம். பேஸின் கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ். அப்போ நம்ம ஊர் ஹம் கிட்டத்தட்ட ஒரு ஜி, கொஞ்சம் சுருதி ஏறிய ஜி. நீங்க ஜி வாசிக்கும் பாட்டுக்கெல்லாம் கரண்ட் கம்பியும் கூட வாசிக்கும், ஆனால் சுருதி சேராது.

இதுக்குத் தீர்வு அழகானது. இரண்டு சுருள் வையுங்கள். ஒன்றில் காந்தத்தையும் தலைகீழாக்குங்கள், சுற்றையும் தலைகீழாக்குங்கள். கம்பியின் சிக்னலுக்கு இரண்டு தலைகீழும் சேர்ந்து நேராகிவிடும், அதனால் கூடும். வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்தம் பொருட்டில்லை, சுற்று மட்டும் தலைகீழ், அதனால் கழியும். 1957லிருந்து பிரிசிஷன் பேஸில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப் இதுதான். 1960ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனி பிக்கப். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் ஹம் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் ஹம் எட்டிப் பார்க்கும். உங்க கையில் ஜாஸ் மாடல் இருந்தா இன்னைக்கே வால்யூம் திருகி சோதிச்சுப் பாருங்க.

ஒரே வருஷம், ஒரே கம்பெனி, ரெண்டு உலகம்

இப்போ டீக்கடைச் சண்டைக்கு வருவோம். என் வாதத்துக்கு ரெண்டு சாட்சி.

முதல் சாட்சி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனியில் 1960களில் வந்த ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றின் பேஸ் இவர் கைதான். கருவி 1962 ஃபெண்டர் பிரிசிஷன். கம்பி ஃப்ளாட்வவுண்ட், அதாவது வெளிச்சுற்று தட்டையான நாடா மாதிரி வழவழப்பாக இருக்கும் வகை. அதுவும் தடித்த செட். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பியை அமுக்கும் ஸ்பான்ஜ். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அந்த விரலுக்கு 'தி ஹுக்', கொக்கி, என்றே பேர்.

இரண்டாவது சாட்சி ஜாக்கோ பாஸ்டோரியஸ். கருவி 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்து, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். ஏன் எபாக்சி? அவர் போட்டது ரவுண்ட்வவுண்ட் கம்பி, அரம் மாதிரி சொரசொரப்பு. வெறும் மரத்தை அது தின்றுவிடும். பின் பிக்கப்பைத் தூக்கலாக வைத்து, பிரிட்ஜுக்கு அருகில் மீட்டுவார். 1976ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், பேஸ் பாடும். ஃப்ரெட் இல்லாததால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். வயலினில் கமகம் கேட்டு வளர்ந்த நம்ம காதுக்கு அது உடனே பிடிக்கும்.

ஒருத்தர் சத்தம் 'தும் தும்' என்று மரத்தைத் தட்டுவது போல. இன்னொருத்தர் சத்தம் மூக்கால் பாடுவது போல. ரெண்டும் 1962 மாடல், ஒரே கம்பெனி. அப்போ வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஒண்ணு, கம்பி. ரவுண்ட்வவுண்ட் கம்பியில் மேல் ஹார்மோனிக்ஸ் அதிகம். ஃப்ளாட்வவுண்டில் குறைவு. பழசானால் இன்னும் குறையும், ஏன்னா வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் இறங்கி வேகமான அதிர்வுகளை விழுங்கிவிடும். ஸ்பான்ஜ் வைத்தால் சத்தம் சீக்கிரம் அடங்கும்.

ரெண்டு, எங்கே மீட்டுகிறோம். கம்பியை நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் பிறக்காது, ஏன்னா அவற்றுக்கு நடுவில் அசைவே கிடையாது. ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் ஐந்தாவது மடங்கு போகும். பிரிட்ஜை நெருங்க நெருங்க மேல் மடங்குகள் கூடும், அடிப்படைச் சுரம் மெலியும். விரல் நாலு அங்குலம் நகர்ந்தால் வேறு பேஸ் மாதிரி கேக்கும், ஒரு ரூபாய் செலவில்லை.

மூணு, பிக்கப் எங்கே இருக்கு. மீட்டும் இடத்துக்குச் சொன்ன அதே கணக்கு கேட்கும் இடத்துக்கும் பொருந்தும்.

இதை நம்பாமல் நானே சோதித்தேன். கிளப் பேஸை ஆடியோ இன்டர்ஃபேஸில் சொருகி, ஒரே சுரத்தை கழுத்துப் பக்கம், பிக்கப் மேலே, பிரிட்ஜ் அருகில் என்று மூன்று இடத்தில் மீட்டிப் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். மூன்று படமும் மூன்று கருவி மாதிரி இருந்தது. பிறகு வருஷக்கணக்கில் மாற்றாத அந்தக் கம்பியைக் கழற்றிப் புதுசு போட்டு மறுபடி பதிவு செய்தேன். பழைய கம்பியில் வலப்பக்கம் காலியாகக் கிடந்த இடம் முழுக்கப் புதுக்கம்பியில் கோடுகள் முளைத்து நின்றது. ஜூனியர் சொன்ன 'தம்பட்டம்' பேஸ்ல இல்லை, அழுக்கில் இருந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். ஜேமர்சன் கம்பியே மாத்தலையே, அப்புறம் என்ன? சரிதான். அவருக்கு அந்தச் சத்தம் வேணும், அந்தப் பாட்டுக்கு அது பொருந்தியது. நம்ம ஜூனியர் வாசிக்கிறது மெட்டல். பழைய கம்பி கெட்டதுன்னு நான் சொல்லல. என்ன சத்தம் வேணும்னு தெரிஞ்சு வச்சிருக்கிற பழைய கம்பி வேற, சோம்பேறித்தனத்தால கிடக்கிற பழைய கம்பி வேற.

மரம் பற்றி ஒரு வார்த்தை

பேஸிஸ்டுகள் நட்பை முறித்துக்கொள்ளும் தலைப்பு இது. ஆல்டரா, ஆஷா, மஹோகனியா? பிக்கப் கம்பியைத்தான் கேட்கிறது, மரத்தை இல்லை. அதனால் உடல் மரத்தின் பங்கு, கம்பி, பிக்கப், விரல் மூன்றையும் விட சின்னது என்பது என் கருத்து. ஆனா "மரத்துக்குப் பங்கே இல்லை" என்பதும் தப்பு. பல பேஸ்களில் மெல்லிய ஜி கம்பியில், ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுக்கு இடையில் எங்கேயோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். அதற்கு 'டெட் ஸ்பாட்' என்று பேர். கழுத்து மரம் அந்த ஃப்ரீக்வென்சியில் தானே அதிர்ந்து கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். விலை உயர்ந்த பேஸிலும் இது உண்டு. கிளப் பேஸில் ஆறாவது ஃப்ரெட். சீனியர் எனக்குச் சொன்னார், நான் ஜூனியருக்குச் சொல்லிவிட்டேன்: "அங்க நிக்காத, டி கம்பிக்குப் போய்டு."

புதுசு வாங்கும் முன் செய்ய வேண்டியது

நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் இரவு பகலாகத் தொங்குகிற மாதிரி. அதை எதிர்த்து நிற்க கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி இருக்கும், பேர் டிரஸ் ராட். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், வெயிலில் காயும், கழுத்து வளையும், கம்பி உயரும். உடனே வாசிக்கக் கடினமாகும். நாம "பேஸ் மோசம்" என்போம்.

- முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து நடுவில் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும்.
- அதிகம் இருந்தால் சரியான அளவு ஆலன் கீயால் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திருகிவிட்டுப் பொறுங்கள், பாருங்கள். கை நடுங்கினால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.
- பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வாசிக்கும் சுரம் வெறும் கம்பியின் சரியான ஆக்டேவ்தானா என்று டியூனரில் பாருங்கள். இல்லையென்றால் பிரிட்ஜில் சேடிலை நகர்த்த வேண்டும்.
- வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். நம்ம ஊர் வியர்வைக்கு இது ஒன்றே பாதி வைத்தியம்.
- புதுக் கம்பிக்குக் காசில்லையா? ரவுண்ட்வவுண்ட் கம்பியைக் கழற்றி பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். அழுக்கு இறங்கி, கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி இருக்கும். ஹாஸ்டல் கெட்டிலில் செய்தேன். ரூம்மேட் இன்றுவரை அதில் டீ குடிப்பதில்லை.

இன்னொன்று. பேஸைக் கிடார் ஆம்பில் சொருகி முழு வால்யூம் வைக்காதீர்கள். 41 ஹெர்ட்ஸுக்குக் கோன் ரொம்ப தூரம் முன்னும் பின்னும் போகணும். கிடார் ஸ்பீக்கர் அதுக்குச் செய்தது இல்லை. எங்க கிளப்பில் ஒரு ஸ்பீக்கர் கிழிந்தது இப்படித்தான். கிழித்தது யார் என்று கேட்காதீர்கள்.

என் ஐந்து கம்பி கதை

ஐந்தாவது கம்பி பி. 30.9 ஹெர்ட்ஸ். கடையில் ஹெட்ஃபோனில் கேட்டபோது புலி உறுமுகிற மாதிரி இருந்தது. அதுக்குத்தான் ரூ.28,000.

பிராக்டிஸ் ரூமில் அதே பி காணாமல் போனது. ஆம்பைத் திருகினேன், பெடல் வாங்கலாமான்னு யோசிச்சேன். காரணம் பிறகுதான் புரிந்தது. எங்க ரூமின் சின்ன ஆம்ப் 31 ஹெர்ட்ஸை வெளியே தள்ளவே இல்லை. ரூமும் ஒரு பிரச்சினை. 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.3 மீட்டர். எங்க ரூமின் நீளம் நாலு மீட்டர் சொச்சம், அதில் கிட்டத்தட்ட பாதி. அந்த ஃப்ரீக்வென்சி ரெண்டு சுவருக்கும் நடுவில் நின்ற அலையாக மாறும்: சுவரோரம் அதிரும், நடுவில் அடங்கும். நான் எப்பவும் நடுவில் நிற்பேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த டிரம்மர் "பேஸைக் குறைடா" என்று கத்துவான், நான் "கேக்கவே இல்லடா" என்று ஏற்றுவேன். ஒரு செமஸ்டர் முழுக்க இந்தச் சண்டை. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை.

கல்ச்சுரல்ஸ் மேடையில் நான் பி கம்பியைத் தொட்டது மொத்தம் நாலு முறை. ஸ்பீக்கரில் அது வந்ததா என்று எனக்குத் தெரியாது. கீழே நின்ற என் ஃப்ரெண்டு "நீ எப்ப வாசிச்ச?" என்று கேட்டான்.

மூன்றாம் வருஷ முடிவில் அதை ரூ.17,000க்கு விற்றேன். பணத்தை அப்பாகிட்ட கொடுத்தேன். "ஏன்டா, அது சரியில்லையா?"ன்னு கேட்டார். "நல்லாத்தான்பா இருந்துச்சு"ன்னு சொன்னேன். அதுக்கு மேல அவர் எதுவும் கேக்கல. பதினோராயிரம் எங்க போச்சுன்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் லேசா இருந்திருக்கும்.

ஐந்து கம்பி பேஸ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தேவை தெரிந்து, அதைத் தாங்கும் ஆம்ப் வைத்துக்கொண்டு வாங்குபவர்களுக்கு அது அருமையான கருவி. எனக்கு அப்போது தேவைப்பட்டது புதுக் கம்பி, ஒரு ஆலன் கீ, தினமும் அரை மணி நேரம் மெட்ரோனோம்.

கடைசியா

பேஸிஸ்டுகள் ஏன் ஒரு பழைய மரக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலைகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மேலே சொன்ன மூணு பேரோட பேஸும் திருடு போனது. ஜாக்கோவுடையது 1986ல் போனது, அடுத்த வருஷம் 35 வயதில் அவர் இறந்தார். பல வருஷம் கழித்து அது கண்டுபிடிக்கப்பட்டு, 2010ல் மெட்டாலிக்காவின் பேஸிஸ்ட் ராபர்ட் ட்ருஜில்லோ உதவியால் அவர் குடும்பத்தோடு மறுபடி சேர்ந்தது. மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் 1972ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து போய், ஐம்பது வருஷம் கழித்து ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. 2024ல் செய்தி வந்தது. ஜேமர்சனின் பேஸ் 1983ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு போனது. அவர் கண்ணில் அது மறுபடி படவே இல்லை.

ஜேமர்சன் பற்றி இன்னொன்றும் சொல்லணும். மோடவுன் பாடல்களின் உறையில் வாத்தியக்காரர்கள் பேர் பல வருஷம் வரவே இல்லை. 1971ல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அச்சானது. அதுவரை கோடிக்கணக்கானவர்கள் கேட்டது அவர் விரலை, பேர் தெரியாமல். நம்ம ஊரிலும் அதே கதைதான். இளையராஜாவின் 80களின் பாடல்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடும் அந்தக் கிடார் பாட்டில் தொடங்கலாம். கீழே பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ், இன்றைக்கு மோகினி டே என்று பேர்களையும் தேடிப் பாருங்கள். பேர் தெரிந்து கேட்பது ஒரு மரியாதை.

அடுத்த வாரம் கிளப் மீட்டிங். என் ஓட்டு இது: ரூ.3,000க்குள் கம்பியும் ஆலன் கீயும். மிச்சத்தில் ஒரு ஒழுங்கான பேஸ் ஆம்ப், செகண்ட் ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை. ஆம்ப் இருந்தால் இனி வரும் எல்லா பேட்சுக்கும் உதவும். ஜூனியர் இன்னும் முழுசா ஒத்துக்கல.

ஆனா புதுக்கம்பி போட்ட அன்னைக்கு சாயங்காலம் அவன்கிட்ட பேஸைக் கொடுத்துட்டு மெஸ்ஸுக்குப் போனேன். திரும்பி வந்தப்ப ரூம் லைட் போடாம இருட்டுல உட்கார்ந்து வாசிச்சுக்கிட்டு இருந்தான். ஆறாவது ஃப்ரெட் வர்ற இடத்துல டி கம்பிக்குத் தாவினான். நான் வெளியவே நின்னேன். அந்தக் கறுப்பு பேஸ்ல எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கி.